கொட்டிலுக்குக் கொட்டில் போகும் கத்தி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆட்டு வாய்ப்புண்ணைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருந்தேன். நோய் பிடித்த ஆட்டைத் தொட்ட கையும் கருவியும் அடுத்த கொட்டிலுக்கு அதைக் கொண்டுபோகும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு கடிதம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று மாவட்டத்தின் நாலு பக்கமிருந்தும் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க இந்த விஷயம்தான். பால் மாட்டுக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டொக்டர் ஐயா, எங்களிடம் 22 ஆடு நிற்கிறது. என் தம்பி அவுஸ்திரேலியாவில் ஒரு செம்மறிப் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே மயிர் கத்தரிக்கிற ஆட்கள் வந்தால், கடைசியாக எந்தப் பண்ணையில் வேலை செய்தீர்கள் என்று கேட்டு, உடுப்பு, சப்பாத்து, மெஷின் எல்லாம் சுத்தமா என்று பார்த்த பிறகுதான் அவனுடைய முதலாளி உள்ளே விடுவாராம். எங்கள் ஊரில் நலமடிக்க, குளம்பு வெட்ட, சொறி பிடித்த ஆட்டுக்கு மயிர் வெட்ட எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் வருகிறார், ஒரே கத்திதான். அவர் வந்துபோய் இரண்டு கிழமையில் மூன்று ஆட்டுக்குக் காதடியில் கட்டி வந்துவிட்டது, உருண்டையாக இருக்கிறது, சூடில்லை, மேல் மயிர் உதிர்கிறது. இப்படியானவர்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்த முடியாதா? (வாசகி, மூதூர்)

பதில்: தங்கச்சி, முதலில் கட்டியைப் பார்ப்போம், ஏனென்றால் இரண்டு கிழமைக்கு முன் வந்துபோனவர் மேல் பழியைப் போட அது போதாது. நீங்கள் சொல்கிற அடையாளங்களுக்கு இது சீழ்க்கட்டி நோயாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அந்தக் கிருமி ஒரு சின்னக் கீறலால் உள்ளே போய், கட்டியாக வெளியில் தெரிய ஒன்றிரண்டு மாதம் தொடக்கம் ஆறு மாதம் வரை எடுக்கும். ஆகவே இந்த மூன்று ஆட்டுக்கும் அது எப்போதோ வந்துவிட்டது. அவருடைய முந்திய வருகையில் வந்திருக்கலாம், நீங்கள் வாங்கின ஆடு ஒன்று கொண்டுவந்திருக்கலாம், கட்டி உடைந்து சீழ் பட்ட முள்ளுக்கம்பி கீறிக்கூட வந்திருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள்: தாடைக்குக் கீழே மெத்தென்று வீங்கி, விரலால் அமத்தினால் குழி விழுந்து, கண் இமையின் உள்பக்கம் வெளிறிப்போயிருந்தால் அது கட்டியே இல்லை, வயிற்றில் புழு இருந்து இரத்தம் குடித்ததால் வருகிற வீக்கம். அதற்கு மருந்து வேறு. கால்நடை வைத்தியரிடம் காட்டாமல் எதையும் கீறவேண்டாம், அதுவும் கொட்டிலுக்குள் வைத்துக் கீறவே வேண்டாம். அந்தச் சீழ் மண்ணில் விழுந்தால் கிருமி மாதக் கணக்கில் கிடக்கும்.

சரி, உங்கள் தம்பி சொன்னதற்கு வருவோம். எங்கள் யாழ்ப்பாணச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, மயிர்தான். அதனால் கத்தரிப்பு என்று ஒரு தொழிலே எங்களிடம் வளரவில்லை. அங்கே நிலைமை வேறு. கத்தரிக்கிற குழு ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். மெஷின் தோலை ஒட்டி ஓடும்போது ஒரு ஆட்டின் கட்டி வெட்டுப்பட்டு உடைந்தால் சீழ் பல்லிலே ஒட்டும், அடுத்த செம்மறியின் தோலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும். பேன் உடுப்போடும் சப்பாத்தோடும் போகும். செம்மறிச் சொறி இப்போது அவுஸ்திரேலியாவில் இல்லை, ஆனால் அது இருக்கிற நாடுகளில் இதே கதைதான்: அதை உண்டாக்குகிற உண்ணி கண்ணுக்குத் தெரியாத சின்னது, ஆட்டை விட்டு இறங்கின பிறகும் இரண்டு கிழமைக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது, கத்தரித்த மயிர்த் துணுக்கோடு லொறியில் ஏறி அடுத்த பண்ணைக்குப் போய்விடும். சீழ்க்கட்டிக்காகத்தான் அவுஸ்திரேலியாவில் குட்டிகளை முதலில் கத்தரித்து, வயது போனதைப் பிறகு கத்தரித்து, கட்டி உள்ளதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கத்தரித்து முடிந்ததும் ஷெட்டுக்குள் நெருக்கி அடைத்து வைக்காமல் உடனே வெளியில் விடச் சொல்வதும் இதற்குத்தான், நுரையீரலில் கட்டி உள்ள ஆடு இருமினால் பக்கத்து ஆட்டின் புதுக் காயத்தில் படும்.

எங்களிடம் கம்பளி இல்லையே தவிர, கத்தி இருக்கிறது. சில வருடத்துக்கு முன் இந்த மாவட்டத்தில் ஒரு கொட்டிலில் நின்று பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சொறிக்கு மருந்து பூச வேண்டும் என்று ஒருவர் ட்ரிம்மரால் ஆடுகளுக்கு மயிர் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல கை, ஆடு துள்ளவே இல்லை. மூன்றாவது ஆட்டில் தோள் பக்கத்துக் கட்டி ஒன்று கிழிந்தது. பற்பசை மாதிரித் தடிப்பாக, வெள்ளையும் பச்சையுமாகச் சீழ் வந்தது. அவர் ட்ரிம்மரைச் சாரத்து ஓரத்தில் இரண்டு தரம் துடைத்துவிட்டு நாலாவது ஆட்டைப் பிடித்தார். நான் அதை வாங்கி, இரண்டு ஆணியையும் கழற்றிப் பல்லைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே எண்ணெயும் மயிரும் காய்ந்த இரத்தமும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது, மணம் தாங்க முடியவில்லை. அவர் திகைத்துப்போனார். வாங்கின நாளிலிருந்து அதை இப்படித் திறக்கலாம் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இவ்வளவு காலமும் நாங்கள் ஒருவரும் அவரைக் கூப்பிட்டு இருத்திக் கதைக்கவில்லையே என்றுதான் மனம் கனத்தது.

அதனால் பதிவு வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் அது தண்டம் அடிக்கிற பதிவாக இருக்கக்கூடாது. ஒரு ஊரில் நலமடிக்கிறவர், குளம்பு வெட்டுகிறவர், மயிர் வெட்டுகிறவர், காது வெட்டி அடையாளம் போடுகிறவர் என்று கணக்கெடுத்தால் எத்தனை பேர் வருவார்கள்? கை விரலுக்குள் அடங்கிவிடும். அவர்களுடைய பெயரும் போன் நம்பரும் அந்தந்தப் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருக்கட்டும், காசில்லாமல். வருடத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுக்கட்டும். இரண்டு செட் கருவி கொடுக்கட்டும், ஒன்று அடுப்பில் அவியும்போது மற்றது வேலையில் இருக்கும். ஒரு கொப்பி: திகதி, யாருடைய கொட்டில், எத்தனை ஆடு, என்ன கண்டார். கால் வாய் நோய் வந்து ஒரு பிரதேசத்தை மூடினால் அத்தனை நாளும் வேலைக்குப் போகக்கூடாது, அந்த நாட்களுக்கு ஏதாவது கொடுப்பனவும் வேண்டும். இல்லாவிட்டால் பசிக்காகப் போவார், போவதை மறைப்பார். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் எங்களிடம் இருக்கிறது, தொற்று நோயை அறிவிக்க வேண்டிய கடமையும் நோய் கண்ட பிரதேசத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் அதன் கீழ்தான் வருகின்றன. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாகாணம் இந்தச் சின்னப் பட்டியலைத் தொடங்கினால் பெரிய செலவு வராது.

அது வரும்வரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கத்தியும் கத்தரிக்கோலும் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். வருகிறவர் கையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

கேள்வி: ஐயா, நான் 17 வருடமாக நலமடிக்கிறேன், குளம்பு வெட்டுகிறேன். தகப்பனும் இதே வேலைதான் செய்தவர். உங்கள் பந்தியைப் படித்துவிட்டு ஒரு வீட்டில் என்னை வாசலிலேயே நிற்பாட்டினார்கள். நாங்கள் மட்டுமா கொட்டிலுக்குக் கொட்டில் போகிறோம்? ஆட்டு வியாபாரி போகிறார், பால் எடுக்கிறவர் போகிறார், ஊசி போடுகிறவரும் போகிறார். லைசென்ஸ் என்று வந்தால் முதலில் அடிபடுவது எங்கள் வயிறுதான். (வாசகர், தம்பலகாமம்)

பதில்: தம்பி, உங்களை வாசலில் நிற்பாட்டினது என் எழுத்தால்தான் என்றால் அதற்கு நான் வருந்துகிறேன். நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். போகிற எல்லாரும் கொண்டுபோகலாம். நாங்களும், அதாவது ஊசியோடும் பையோடும் வருகிற வைத்தியர்களும், இதில் சேர்த்திதான். ஒரே ஊசியை இரண்டு மாட்டுக்குப் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். என் சொந்தச் சப்பாத்தையும் எல்லா நாளும் நான் கழுவிவிட்டுப் போகவில்லை, இப்போது கழுவுகிறேன். நான் சொல்கிற பட்டியலில் வியாபாரியும் வரவேண்டும், எங்களுக்கும் அதே சட்டம்தான் இருக்கவேண்டும்.

ஆனால் உங்கள் வேலையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வியாபாரி ஆட்டைப் பார்க்கிறார், நீங்கள் வெட்டுகிறீர்கள். தோல் திறக்கிற இடத்தில்தான் கிருமிக்கு வழி. நலமடித்த காயத்தால் ஏற்புவலி வந்து, குட்டி நாலு காலும் விறைத்து, வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல் கிடந்து சாவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். முடிந்த மட்டும் வெட்டாமல், வெளியிலிருந்து நசுக்குகிற பேர்டிசோ கிடுக்கியால் செய்யப் பழகுங்கள், தோல் கிழியாது, இரத்தம் வராது. குளம்பு வெட்டும்போது மணத்தோடு அழுகல் கண்டால் அந்த ஆட்டைக் கடைசியில் வையுங்கள், வெட்டின துண்டைப் பொறுக்கி எரியுங்கள், கத்தியைக் கழுவாமல் அடுத்த ஆட்டைத் தொடாதீர்கள். வாய்ப்புண் உள்ள ஆட்டை வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம், அது மனிதர் கைக்கும் வரும், விரலில் ஒரு புண்ணாகக் கிளம்பிக் கிழமைக் கணக்கில் ஆறாமல் நிற்கும்.

அப்புறம் ஒன்று சொல்ல வேண்டும், இதை அதிகாரிகளும் படித்தால் நல்லது. ஒரு வைத்தியர் மாதத்தில் எத்தனை ஆட்டுக் கொட்டிலுக்குள் குனிந்து போவார்? நீங்கள் போகிற அளவுக்குப் போகவே மாட்டார். வாயில் நுரையும் காலில் நொண்டலுமாக முதல் ஆட்டைக் காணப்போவது நீங்கள்தான். அந்த நேரத்தில் உங்களிடம் ஒரு போன் நம்பர் இருந்து, எடுத்தால் பதில் சொல்ல ஒரு ஆளும் இருந்தால் ஒரு ஊரே தப்பும். பதிவு இல்லாமல் அந்த நம்பரை உங்களுக்கு யார் தருவார்கள்? உங்களை வாசலில் நிற்பாட்டினவர்களிடம் அவித்த கத்தியைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பிறகு அடுத்த வீட்டுக்கும் அவர்களே உங்களைச் சொல்லி அனுப்புவார்கள்.

கேள்வி: கத்தியை டெட்டோலில் முக்கி எடுத்தால் போதாதா? (நிலாவெளி)

பதில்: போதாது. மேலே எண்ணெயும் இரத்தமும் இருக்கும்போது எந்த மருந்தும் உள்ளே போகாது, வேலை தொடங்குவதே சவர்க்காரமும் பழைய பற்தூரிகையும் வைத்துத் தேய்ப்பதில்தான். தேய்த்துக் கழுவின பிறகு கத்தி, கத்தரிக்கோல், குளம்பு வெட்டி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் 20 நிமிடம் போடுங்கள். கரண்டு மெஷினை அவிக்க முடியாது, ஆனால் அதன் பல்லைக் கழற்றலாம். கழற்றிக் கழுவித் துடைத்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், அடுப்புக்குத் தூரமாக வைத்துச் செய்யுங்கள்.

சப்பாத்துக்கும் செருப்புக்கும் வேறு கணக்கு. கால் வாய் நோய்க் கிருமி டெட்டோலுக்குப் பெரிதாக அசையாது, ஆனால் புளிப்புக்கும் காரத்துக்கும் தாங்காது. பத்து லீற்றர் தண்ணீருக்கு 400 கிராம் உடுப்புத் தோய்க்கிற சோடா (அப்பச்சோடா அல்ல, கவனம்) கரைத்துக் கொட்டில் வாசலில் ஒரு தாச்சியில் வையுங்கள். மிதிக்கும் முன் சாணியை வழித்துவிட வேண்டும். அழுக்கானால் தண்ணீரை மாற்ற வேண்டும், மாற்றாத தாச்சி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். ஆட்டுக்குச் சொறி வருவதற்கெல்லாம் நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றனவா? அந்தச் சட்டங்களால் நோய் நின்றதா? (மாணவி, திருகோணமலை நகரம்)

பதில்: நல்ல கேள்வி மகள். போட்டிருக்கின்றன, நின்றும் இருக்கிறது, விட்ட இடத்தில் திரும்பியும் வந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்தச் செம்மறிச் சொறியோடு போராடினார்கள். தனிச் சட்டம், ஆடு பார்க்கவென்றே பரிசோதகர், கட்டாயமாக மருந்துத் தண்ணீரில் முக்குதல் என்று விடாமல் நின்று 1896இல் நாட்டிலிருந்தே ஒழித்தார்கள். பிரித்தானியா 1952இல் ஒழித்தது, 1973இல் அது மறுபடி உள்ளே வந்தது. எல்லா ஆட்டையும் முக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1992இல் அதை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு நோய் நன்றாகப் பரவி இன்றுவரை அங்கே இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் தன் பண்ணையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் செய்யாவிட்டால் இந்தப் பக்கத்துக்காரர் செய்ததற்குப் பலன் இல்லை.

எங்கள் தீவிலும் ஒரு கதை உண்டு, அதை உன் வயதுக்காரர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளை நோய் இங்கே பல பத்தாண்டுகளாக இல்லாமல் இருந்தது. 1987இல் இந்திய அமைதிப் படையின் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது திரும்ப வந்தது. ஆட்டில் பெரிதாகத் தெரியவில்லை, மாடும் எருமையும்தான் செத்தன. அதை அடக்க வருடங்கள் எடுத்தன. 2011இல் உலகம் முழுவதிலுமிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கடலைக் கடந்து ஒரு ஆடு இறங்கினதால் எத்தனை வீட்டுத் தொழுவம் வெறுமையானது என்று வயதானவர்களைக் கேட்டுப் பார், எழுதியும் வை.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கிற மான்களை நீ தினம் பார்ப்பாய். கால் வாய் நோய் மானுக்கும் வரும். நகரத்தில் ஆடும் மாடும் மானும் ஒரே குப்பையில் வாய் வைக்கின்றன. அந்த மான்களுக்கு யார் சோடாத் தண்ணீர் வைப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பது உண்டு.

கேள்வி: ஜமுனாபாரி கலப்பு ஆடு, பின்னங்கால் பக்கம் மயிர் நீளமாகத் தொங்குகிறது, மழையில் சேறு பிடிக்கிறது. கார்த்திகையில் வெட்டிவிடலாமா? (குச்சவெளி)

பதில்: வெட்டவேண்டாம். பின்பக்கம் சாணி ஒட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் குறையுங்கள், முதுகிலும் விலாவிலும் கை வைக்காதீர்கள். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடும் ஆடும் விறைத்துச் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முழுதாக வெட்டுவதென்றால் மாரி முடிந்து பங்குனி, சித்திரையில் வெட்டுங்கள். காய்ந்த நாளில் வெட்டினால் சின்னக் கீறலும் கெதியாக ஆறும். வெட்டின மயிரைக் கூட்டி எரித்துவிடுங்கள்.

கேள்வி: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வெளி மாவட்டத்திலிருந்து கிடாய் வாங்குகிறோம். பெருநாளுக்கு நாலு நாள் முன் கொண்டுவந்து வீட்டு ஆடுகளோடு கட்டுவது வழக்கம். பயமா? (கிண்ணியா)

பதில்: பயம்தான் சகோதரர். கால் வாய் நோய் உடம்புக்குள் இருந்து வெளியில் தெரிய இரண்டு நாளிலிருந்து இரண்டு கிழமை வரை எடுக்கும், ஆகவே வாங்கும்போது துள்ளி நின்ற கிடாய் நாலாம் நாள் உங்கள் கொட்டிலில் வாயூறிக்கொண்டு நிற்கலாம். குர்பானுக்கு நோயில்லாத, ஊனமில்லாத பிராணிதான் வேண்டும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தருவீர்கள். அதே கவனத்தை மூன்று கிழமை முன்னுக்குத் தள்ளுங்கள். முந்தியே வாங்கி, வீட்டு ஆடுகளிலிருந்து தூரமாக, காற்று அடிக்கிற பக்கத்துக்கு மறுபக்கம் கட்டுங்கள். தண்ணீர் வாளி வேறு, குழை கட்டுகிற கயிறு வேறு. முதலில் வீட்டு ஆடுகளைப் பார்த்துவிட்டுப் பிறகு புதுசைப் பாருங்கள், திரும்பி வந்து வீட்டு ஆட்டைத் தொடவேண்டாம். சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் லொறியில் ஏற்றின ஆடு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பெருநாள் அன்றைக்கு அறுக்க வருகிறவரும் அன்று காலையில் நாலைந்து வீட்டுக்குப் போய்த்தான் வருவார். வாசலில் கைகால் கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும், தாச்சியில் சோடாத் தண்ணீரும் வையுங்கள். தோலை உரிக்கும்போது எங்காவது கட்டி தெரிந்தால் உடைக்காமல் அந்தப் பக்கத்தோடு வெட்டி எடுத்து ஆழமாகப் புதையுங்கள், தோட்டத்து நாய்க்குப் போடவேண்டாம். தவறி உடைந்துவிட்டால் கத்தியை அவிக்கப் போட்டுவிட்டு, சீழ் விழுந்த இடத்து மண்ணையும் மண்வெட்டியால் வழித்து அதே குழிக்குள் போட்டு மூடுங்கள்.